ஆலையை இடிப்பதற்கு முதல், இரண்டு கிழமை தாருங்கள்

ஆசிரியருக்கு,

வடக்கில் பழைய ஆலை ஒன்றை இடிக்கப் போகிறார்கள் என்றதும் இந்தப் பக்கத்துக்கு இரண்டு விதமான கடிதங்கள் வருகின்றன. எங்கள் அடையாளத்தை அழிக்காதீர்கள் என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். பாழடைந்து கிடப்பதை இடித்து நாலு பேருக்கு வேலை தாருங்கள் என்பது மற்றவர்களின் வாதம். இடிப்பதா விடுவதா என்ற வழக்குக்குள் நாங்கள் வரவில்லை. இடிப்பது என்று முடிவாகிவிட்டால், இடிப்பவர் உள்ளே போக முதல் எடுக்க வேண்டியதை எடுக்க இரண்டு கிழமை ஒதுக்க வேண்டும். அதை விலைமனுப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். நாங்கள் கேட்பது அவ்வளவுதான். அதை எப்படிச் செய்வது, எங்கே பிழை வரும் என்பதை விபரமாக எழுதுகிறோம், கொஞ்சம் நீண்டாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் தானாக வந்து காப்பாற்றும் என்று யாரும் இருக்க வேண்டாம். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பழமை என்று கணக்கெடுப்பது 1815 மார்ச் 2 க்கு முற்பட்டதைத்தான். நீராவிக் கொதிகலனும் டீசல் இயந்திரமும் சீமெந்துச் சூளையும் அந்த எல்லைக்கு இப்பால் நிற்பவை. பிந்திய கட்டடத்தையும் வர்த்தமானி அறிவித்தல் மூலம் பாதுகாக்கலாம். ஆனால் இயங்காமல் கிடக்கும் ஒரு அரிசி ஆலைக்கு யார் அந்த அறிவித்தலைக் கொண்டுவரப் போகிறார்கள்? ஆகவே எழுத வேண்டிய இடம் ஒப்பந்தப் பத்திரம்.

எல்லோரும் இரும்பையே பார்க்கிறார்கள். முதலில் எடுக்க வேண்டியது கடதாசி. காங்கேசன்துறை சீமெந்து ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1950 இல் உற்பத்தி தொடங்கி 1990 இல் போரோடு நின்றது. அந்தப் பகுதிச் சுண்ணக்கல்லும் முருங்கனிலிருந்து ரயிலில் வந்த களிமண்ணும்தான் அதன் மூலப்பொருட்கள். பொறிகளில் பெரும்பங்கு பழைய இரும்பாகப் போய்விட்டது, இன்று கண்ணில் படுவது அநேகமாகக் கொங்கிறீற் கட்டுமானங்கள்தான். அந்தப் பொறிகளை விடப் பெறுமதியானவை அகழ்வுக் குழிகளின் வரைபடங்களும் துளையிட்டுப் பார்த்த பதிவுகளும். எந்த ஆண்டு எந்தக் குழி எத்தனை அடி ஆழத்துக்குப் போனது, எந்த மட்டத்தில் தண்ணீர் வந்தது, அது நன்னீரா உவரா என்ற விபரம் அப்படிப்பட்ட தாள்களில்தான் இருக்கும். ஆலை இருந்த வலிகாமம் வடக்கின் கிணறுகள் ஏன் உவராகின்றன என்று இன்று ஆராய்பவருக்கு அது வேண்டும். ஒரு தொன் இரும்பு போனால் வேறு இரும்பு வாங்கலாம். 1981 இல் நூலகம் எரிந்த ஊருக்கு ஒரே ஒரு படி மட்டுமே உள்ள தாளைப் பற்றி நாங்கள் விளக்கத் தேவையில்லை.

பழைய தொழிற்சாலை வரைபடங்களில் நீலத் தாளில் வெள்ளைக் கோடாக இருப்பவை தனியாகக் கவனிக்க வேண்டியவை. வெயில் பட்டால் அந்த நீலம் மங்கும். அது பலருக்குத் தெரியும். காரம் பட்டால் நீலம் அடியோடு வெளுத்துவிடும் என்பது தெரியாது. சீமெந்துத் தூசியும் சுண்ணாம்புத் தூசியும் ஈரம் சேர்ந்தால் காரம். தூசி படிந்த சுருளை ஈரத் துணியால் துடைத்தால் வரைபடத்தையே துடைத்து எடுத்தது போலாகும். காய்ந்த மென்மயிர்த் தூரிகையால் ஓரத்தை நோக்கித் தட்ட வேண்டும், அவ்வளவே. விறைத்துப்போன சுருளை அங்கேயே விரிக்கப் பார்க்க வேண்டாம், மடிப்பு வழியே வெடிக்கும். சுருளாகவே பழைய பருத்திச் சீலையில் சுற்றி, எந்த அறை, எந்த அலுமாரி, எத்தனையாவது தட்டு என்று ஒரு துண்டில் எழுதிக் கட்டுங்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். இராமபாணப் பூச்சிக்குப் பயந்து தாளின்மேல் மருந்து தெளிப்பதும் கூடாது.

வரவுப் பதிவேடு, சம்பளப் புத்தகம், களஞ்சிய அட்டைகள், விபத்துப் புத்தகம் எல்லாவற்றையும் எடுங்கள். சம்பளப் புத்தகத்தில் ஆட்களின் சொந்த விபரங்கள் இருக்கும், அதைப் பொதுவில் போடக்கூடாது. அரச கூட்டுத்தாபனத்தின் ஆவணம் என்றால் 1973 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டம் குறுக்கே நிற்கும். தேசிய சுவடிகள் திணைக்களத்தைக் கேளாமல் எரிக்கவோ எடைக்கு விற்கவோ முடியாது. தனியார் ஆலையென்றால் உரிமையாளரின் சம்மதம் போதும். படம்பிடித்து வைக்க, ஆவணங்களை இணையத்தில் சேர்க்கும் நூலக நிறுவனம் இருக்கிறது, பல்கலைக்கழக நூலகமும் இருக்கிறது. அந்தப் பெட்டிகள் வேலை தொடங்கிய முதல் நாளே வளவை விட்டு வெளியேற வேண்டும். மூலையில் பத்திரமாக அடுக்கி வைத்த பெட்டிதான் தேத்தண்ணி அடுப்புக்கு முதலில் போகும்.

அடுத்தது பித்தளை. ஆலையின் கேற்றைத் திறந்த இரவே காணாமற் போவது பெரிய பொறியல்ல, அதன் பெயர்த்தகடும் எண்ணெய்க் கிண்ணமும் தண்டைத் தாங்கும் பெயரிங்கின் உள்ளிருக்கும் புஷ் என்ற வெண்கல வளையமும்தான். பெயர்த்தகடு போனால் மிஞ்சுவது வெறும் வார்ப்பிரும்பு. தகட்டில் உள்ள தொடர் இலக்கம் கிடைத்தால், அது எந்த ஆண்டு செய்தது, யாருக்கு அனுப்பியது என்பதைச் செய்த கம்பனியின் பழைய பதிவேடுகளில் தேடலாம். எங்கள் ஆலைகளில் ஓடிய ரஸ்டன், லிஸ்டர், பிளாக்ஸ்டன், குறொஸ்லி போன்ற ஆங்கில இயந்திரங்களுக்கு இது பொருந்தும். ஆகவே தகட்டை முதலில் அது இருக்கும் இடத்திலேயே படமெடுங்கள், பொறி முழுவதும் தெரிய ஒன்று, எழுத்து வாசிக்க ஒன்று. எழுத்து தேய்ந்திருந்தால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசினால் கண்ணுக்குத் தெரியாத இலக்கமும் எழும்பி வரும். பிறகு கழற்றி, இலக்கமிட்டு, பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள். தகடு இல்லாவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம். இயந்திரத்தின் உடம்பிலும் சிலிண்டர் தலையின் ஓரத்திலும் சுழல்தண்டின் நுனியிலும் இலக்கம் குத்தியிருப்பார்கள். நிறப்பூச்சைச் சுரண்டிப் பாருங்கள்.

பல ஆலைகளில் ஒரே ஓர் இயந்திரத்தில் இருந்து கூரையடியில் ஓடும் நீண்ட தண்டுக்கும், அதிலிருந்து வார்ப்பட்டி வழியாக ஒவ்வொரு பொறிக்கும் வலு போகும். இந்தத் தண்டை யாரும் மதிப்பதில்லை, நேரே பழைய இரும்பு. ஆனால் ஆலை எப்படி ஓடியது என்பது முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சக்கரத்தின் விட்டத்தையும் முகத்தின் அகலத்தையும் சுவரில் இருந்து அதன் தூரத்தையும் குறியுங்கள். இயந்திரம் நிமிடத்துக்கு 500 சுற்று, அதன் சக்கரம் 12 அங்குலம், தண்டின் சக்கரம் 36 அங்குலம் என்றால் தண்டு ஏறத்தாழ 167 சுற்று ஓடியிருக்கும். அதே கணக்கில் நெல் குற்றும் பொறியின் வேகம், எண்ணெய்ச் செக்கின் வேகம் எல்லாம் வந்துவிடும். ஒருவர் நாடாவைப் பிடிக்க மற்றவர் எழுத, அரை நாள் வேலை. தண்டு தொங்கும் தீராந்தியை அறுக்க முதல் தண்டை இறக்கிவிடுங்கள். மறந்தால் தீராந்தியோடு தண்டும் கீழே நிற்பவர் தலைக்கு வரும்.

இயந்திரத்தைக் கழற்றுவதில் நடக்கும் பிழைகள் மூன்று நான்குதான், எல்லா இடத்திலும் அதே பிழைகள். காஸ் சுடரால் வெட்டுவது முதலாவது. வார்ப்பிரும்பு அந்தச் சுடருக்குச் சரியாக வெட்டுப்படாது. ஒரு பக்கம் சூடாகி மறுபக்கம் குளிர்ந்திருக்க அடித்தளம் வெடிக்கும். அத்திவாரப் போல்ற்றை வெட்டுவது இன்னொன்று. பழைய அத்திவாரங்களில் பக்கத்தில் சிறு குழி விட்டிருப்பார்கள். மண்ணைத் தோண்டிப் பார்த்தால் போல்ற்றின் அடியில் தகடும் ஆப்பும் தெரியும், ஆப்பைத் தட்டினால் போல்ற் மேலே வந்துவிடும். இறுகிய நட்டுக்கு முதல் நாள் மாலையே துருவிளக்கி விட்டு வையுங்கள். மசியாவிட்டால் நட்டைப் பிளவுங்கள், போல்ற்றையும் துளையையும் தொடாதீர்கள். பிஸ்டன் இறுகிப்போன இயந்திரத்தை வார்ப்பட்டி போட்டு உழவு இயந்திரத்தால் இழுப்பவர்கள் உண்டு. இணைப்புத் தண்டு வளையும், சில வேளை பிஸ்டனே உடையும். டீசலும் கியர் எண்ணெயும் சரிபாதி கலந்து, எரிபொருள் பீச்சியைக் கழற்றிய துளை வழியாக ஊற்றிவிட்டு ஒரு கிழமை, தேவையானால் இரண்டு கிழமை விடுங்கள். பிறகு பறக்கும் சக்கரம் என்ற பெரிய சில்லை நெம்புகோலால் முன்னும் பின்னும் கொஞ்சங் கொஞ்சமாக அசைத்தால் பெரும்பாலானவை இளகும். அதற்கும் இளகாவிட்டால் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். இளகாத இயந்திரமும் முழுதாக இருந்தால் முழு இயந்திரம்தான்.

ஒவ்வொரு இணைப்பையும் பிரிக்க முதல் இரு பக்கத்திலும் ஒரே இலக்கத்தை உளியால் குத்துங்கள். நிறப்பூச்சும் மார்க்கர் பேனையும் எண்ணெயில் கரையும், சோக்கட்டி முதல் மழையோடு சரி. கழற்றிய போல்ற்றை அதே துளையில் திரும்பக் கையால் முறுக்கி விடுவதே அதை வைக்கத் தோதான இடம்.

கூரைக்கு வருவோம். பொறிகளை வெளியே எடுத்த பிறகுதான் கூரை ஓடுகளைப் பிரிக்க வேண்டும், அதுவும் மாரிக்கு முதல். ஐப்பசியில் ஓட்டைக் கழற்றிய ஆலையில் மார்கழிக்குள் சுண்ணாம்புச் சுவர் ஊறி விழத் தொடங்கும். இங்குள்ள பழைய ஆலைக் கூரைகளில் இந்தியாவின் மேற்குக் கரையில் இருந்து வந்த ஓடுகள் ஏராளம். பாசல் மிஷன் 1865 இல் மங்களூரில் தொடங்கிய தொழில் அது, பின்னர் பல கம்பனிகள் அதே அச்சில் செய்தன. ஓட்டின் அடிப்பக்கத்தில் செய்தவர் பெயர் இருக்கும். ஒவ்வொரு முத்திரையிலும் பத்து ஓடு, முகட்டு ஓடு இரண்டு, கண்ணாடி ஓடு இருந்தால் அத்தனையும் காட்சிக்கு எடுத்து வையுங்கள். மீதி திரும்பப் பாவிக்க. நூறு சதுர அடிச் சரிவுக்கு ஏறத்தாழ 150 ஓடு வேண்டும் என்பதால் 2,000 சதுர அடிக் கூரையில் 3,000 ஓடு வரும். பழைய ஓட்டுக்கு வீடு திருத்துபவர்களிடம் கேள்வி இருக்கிறது. இரண்டு கிழமைக் கூலியில் ஒரு பகுதியை அதுவே தரும்.

முகட்டில் தொடங்கி இரு சரிவிலும் சம அளவாகக் கீழே வர வேண்டும். ஒரு சரிவை முழுக்க முடித்துவிட்டு மற்றதுக்குப் போனால் பாரம் ஒரு பக்கம் சாய்ந்து பழைய கூரைச் சட்டம் முறுகும். சிலாகையில் நேரே மிதிக்காமல் குறுக்கே ஏணியைப் படுக்க வைத்து அதில் நில்லுங்கள். ஓடு கைமாறிக் கைமாறிக் கீழே வரட்டும். எறிந்து பிடிக்கும் வித்தையை விட்டுவிடுங்கள். ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டினால் கணீரென்பது நல்லது, சொத்தென்றால் உள்வெடிப்பு. படுக்கையாக அடுக்கினால் கீழ் வரிசை நொறுங்கும், விளிம்பில் நிறுத்தி மூன்று வரிசைக்கு மேல் போகாமல் அடுக்குங்கள். பாசியைத் தண்ணீரும் தும்புத் தூரிகையும் எடுக்கும். அமிலம் வேண்டாம்.

ஓட்டுக்குப் பதிலாக அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால் கதை வேறு. அதில் காப்பாற்ற எதுவும் இல்லை, உடையாமல் இறக்கினால் போதும். சவர்க்காரம் கலந்த தண்ணீரால் நனைத்து, கொளுக்கிப் போல்ற்றை வெட்டி, முழுச் சீற்றாக இறக்கி, தடித்த பொலித்தீனில் இரண்டு மடிப்பாகச் சுற்றி ஒட்ட வேண்டும். துணி முகக்கவசம் உதவாது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இதைத் தொடவே கூடாது, தூள் அயல் வீடுகளுக்குப் போகும். சீற்றை விட ஆபத்தானது ஒன்று உண்டு: கொதிகலனையும் நீராவிக் குழாயையும் சுற்றிப் பூசியிருக்கும் வெள்ளைச் சாந்து. புழுங்கல் நெல் அவித்த ஆலைகளில் இது இருக்கும். பலவற்றில் அதுவும் அஸ்பெஸ்ரஸ்தான், விரல் பட்டாலே உதிரும். அப்படியான கொதிகலனைத் தெரிந்தவர் வந்து சோதிக்கும் வரை ஒருவரும் தட்டக்கூடாது.

எங்கள் மண் சுண்ணக்கல். மேலே ஊற்றுவது கீழே கிணற்றுக்குப் போய்ச் சேரும். சுன்னாகத்தில் கழிவெண்ணெய் கிணறுகளில் மிதந்ததை ஊர் மறக்கவில்லை. பழைய மின்மாற்றியின் எண்ணெயில் பிசிபி என்ற நஞ்சு இருக்கலாம். செம்புக் கம்பிக்காக அதன் எண்ணெயைப் புல்லில் ஊற்றிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. மின்மாற்றியைத் திறக்காமல், கசிந்தால் தட்டம் வைத்து, எண்ணெயைச் சோதித்த பிறகே நகர்த்த வேண்டும். சீமெந்துச் சூளையின் உட்செங்கலும் அப்படித்தான். மிகச் சூடான பகுதியில் பதித்த கற்களில் குரோமியம் கலந்தவை இருந்தன. சூளையின் வெப்பத்திலும் காரத்திலும் அவற்றின் குரோமியம் தண்ணீரில் கரையும் நச்சு வடிவத்துக்கு மாறுகிறது. கனமான, கருமையோடிய, பார்வைக்கு அருமையான அந்தக் கல்லைப் போறணைக்கோ கிணற்றுக் கட்டுக்கோ யாரும் கொண்டுபோகக் கூடாது. ஐஸ் ஆலையென்றால் குழாயில் மிஞ்சிய அமோனியா. காற்றோடு கலந்து 15 முதல் 28 சதவீதம் வரை நின்றால் தீப்பொறிக்கு வெடிக்கும். வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயமாக இருந்த காணியில் மண்வெட்டி போடுவதென்றால் கண்ணிவெடி அகற்றிய சான்று முதலில் கையில் இருக்க வேண்டும்.

மரம் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் எங்கள் தச்சர்களுக்குத் தெரியாததல்ல. பனங் கைமரத்தில் கறுப்பு வைரம் முழுதாக இருக்கும். சுவருக்குள் புதைந்த முனைதான் உக்கியிருக்கும். அதை ஓர் அடி வெட்டிவிட்டால் மீதி இன்னொரு கூரைக்கு நிற்கும். ஆணியை அலவாங்கால் நெம்பும்போது அடியில் பலகைத் துண்டு வையுங்கள், பனை நார் வழியே பிளக்கும். ஒவ்வொரு மரத்துக்கும் அலுமினியத் தகட்டில் இலக்கம் குத்தி, எப்போதும் வீதிப்பக்க முனையில் அறையுங்கள். எந்த முனை எந்தப் பக்கம் என்ற குழப்பம் அதோடு தீரும். நிலத்தில் இருந்து ஓர் அடி உயர்த்தி, இரண்டு அடிக்கொரு குறுக்குச் சட்டம் வைத்து, நிழலில் அடுக்குங்கள்.

சுவரில் ஒரு சின்னச் சோதனை. சாந்தை ஆணியால் கீறுங்கள். உதிர்ந்தால் சுண்ணாம்பு, கல் முழுதாகக் கழரும். கீறுப்படாவிட்டால் சீமெந்து. அது கல்லை விட வலிது, கல்தான் உடையும், மெனக்கெட வேண்டாம். முருகைக்கல்லால் கட்டிய சுவரென்றால் ஒரு கல்லையும் வீணாக்காதீர்கள். கடலில் முருகைக்கல் எடுப்பது இப்போது தடை. பழைய வீட்டையோ கோயில் மதிலையோ அதே கல்லால் திருத்த வேண்டியவருக்கு இடிபடும் சுவரை விட்டால் வேறு வழியில்லை.

ஆலைகளில் தூணாகவும் தீராந்தியாகவும் தண்டவாளத் துண்டுகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் நடுப்பட்டையில் எழும்பிய எழுத்துகள் இருக்கும்: உருட்டிய ஆலையின் பெயர், ஆண்டு, சிலவற்றில் மாதத்தைக் காட்டும் கோடுகள். காங்கேசன்துறை வரை 1905 இல் முழுதாகத் திறந்த பாதையின் தண்டவாளங்கள் போரில் பதுங்குகுழிகளுக்குள் போய்விட்ட நிலையில், எழுத்துள்ள இரண்டு அடித் துண்டு ஒவ்வொன்றும் எடுத்து வைக்கத் தகுந்தது. எழுத்தின் நடுவால் அறுக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

இனி ஒப்பந்தம். எடுக்க வேண்டிய பொருட்களைப் படத்தோடு பட்டியலிட்டு, அவற்றில் மஞ்சள் நிறத்தில் இலக்கமிட்டு, இரு தரப்பும் ஒப்பமிட்டு விலைமனுவோடு இணைக்க வேண்டும். பட்டியலில் உள்ளவை உரிமையாளருக்கே, மற்றவை கிலோ விலைக்கு. காணாமற் போனால் அறவிடும் தொகையைப் பொருளுக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். நிறைக்கு இவ்வளவு என்று எழுதினால் பெயர்த்தகட்டின் தண்டம் சில நூறு ரூபாய், அதைக் கட்டிவிட்டே கொண்டுபோவார்கள். வைப்புப் பணத்தில் ஒரு பகுதியைக் கடைசிப் பொருள் கையில் வந்த பிறகே விடுவிக்க வேண்டும். பெரிய பொறிகளில் இரண்டு மூன்றைத் தெரிந்து, அவை நிற்கும் அத்திவாரத்திலேயே விட்டுவிடும்படி எழுதினால் பாரந்தூக்கிச் செலவும் இல்லை, வைக்க இடம் தேடும் தொல்லையும் இல்லை. புதிய கட்டடத்தின் வாசலில் அது நிற்கட்டும்.

இந்த விலைமனு அறிவித்தல்கள் உங்கள் பத்திரிகையில்தான் வெளிவருகின்றன. அவற்றில் இடத்தைப் பார்வையிடும் நாள் குறித்திருப்பார்கள். அன்று உள்ளே போவது இரும்பு வியாபாரிகள் மட்டுமே. பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையினரும் நூலக நிறுவனத்தினரும் பிரதேச சபை உறுப்பினரும் அந்தத் திகதியைப் பார்த்து, முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேட்டு, கைத்தொலைபேசியும் அளவு நாடாவும் சோக்கட்டியுமாக அவர்களோடு சேர்ந்து போகலாம். மேலே சொன்ன பட்டியலின் முதல் படியை அந்த ஒரு காலையிலேயே எழுதிவிடலாம்.

இப்படிக்கு,
பழைய பொறிகளோடும் கட்டடங்களோடும் வேலை செய்யும் சிலர்
யாழ்ப்பாணம்